குழாய் உடைந்ததா, வடிகால் அடைத்ததா: வீட்டுத் தண்ணீர் அவசரங்களை அறிகுறி கொண்டு கண்டறிதல்

நள்ளிரவில் 'உஸ்' என்ற சத்தம் கேட்டு எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் திறக்கிறீர்கள். கைகழுவும் தொட்டிக்கு அடியிலுள்ள இணைப்புக் குழாய் பிய்த்துக்கொண்டு, பாம்பு போல ஆடியபடி சுவரெங்கும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கை தானாகவே அந்தக் குழாயைத்தான் தேடிப் போகும். நானும் முதல் முறை அதைத்தான் செய்தேன். இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருப்பவர்களைக் கத்தி அழைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். விரல் இடுக்குகளில் தண்ணீர் இன்னும் வேகமாகப் பீறிட்டதுதான் மிச்சம். ஒழுகும் இடத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன், இது எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று ஒரு கணம் யோசித்திருந்தால், அரை நிமிடத்தில் அது நின்றிருக்கும்.

வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, தெருக் குழாயிலிருந்தோ மேல்நிலைத் தொட்டியிலிருந்தோ அழுத்தத்தோடு உள்ளே வருகிற நல்ல தண்ணீர். மற்றொன்று, பயன்படுத்திய பின் தன் எடையாலேயே சரிவில் இறங்கி வெளியேறுகிற கழிவுநீர். முதல் பக்கத்தில் கோளாறு என்றால், நீங்கள் எதையும் திறக்காவிட்டாலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த வால்வை மூட வேண்டும். இரண்டாம் பக்கத்தில் கோளாறு என்றால், வீட்டில் யாராவது தண்ணீரைப் புழங்கும்போது மட்டுமே பெருகும்; அங்கே எந்த வால்வும் கிடையாது, புழங்குவதை நிறுத்துவதுதான் வழி. கீழே சொல்லும் ஒவ்வோர் அறிகுறியையும் இந்த ஒரு பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மின்சாரம்

தண்ணீர் சுவிட்சு, பிளக், விளக்கு, மின் கருவி ஆகிய எதையாவது எட்டியிருந்தால், அல்லது எட்டப்போவதாகத் தெரிந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் மின் பலகையில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பலகை இருக்கும் இடத்திலேயே தண்ணீர் தேங்கி நின்றாலோ, அங்கே போக நனைந்த தரையைக் கடக்க வேண்டியிருந்தாலோ அதன் அருகே போகாதீர்கள். எல்லாரையும் உலர்ந்த இடத்துக்கு அனுப்பிவிட்டு, மின் வழங்கும் அலுவலகத்தை அழைத்து வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய வீடுகளில் ஆபத்து குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானைக் கடைசியாக எப்போது அழுத்திப் பார்த்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மெயின் வால்வு: மூடத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று

நல்ல தண்ணீர்ப் பக்கத்து அவசரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து இது என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். வீட்டுக்குள் வரும் குழாயில், பெரும்பாலும் தண்ணீர் மீட்டருக்கு அருகில், ஒரு மெயின் வால்வு இருக்கும். மேல்நிலைத் தொட்டி உள்ள வீடுகளில் தொட்டியின் அடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயிலும் தனித்தனி வால்வு இருக்கலாம். குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள். இவை தவிர, கைகழுவும் தொட்டி, ஃப்ளஷ் தொட்டி, கீசர், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் அருகிலேயே சிறிய ஆங்கிள் வால்வுகள் இருக்கும். உடைப்புக்கு மிக அருகிலுள்ள வால்வை முதலில் முயலுங்கள். அது திரும்பவில்லையென்றால் அங்கே நேரத்தைக் கழிக்காமல் நேராக மெயினுக்குப் போய்விடுங்கள்.

நெம்புகோல் போன்ற நீளக் கைப்பிடி இருந்தால் அது பால் வால்வு. கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. குழாய்க்குக் குறுக்காகக் கால் சுற்று திருப்பினால் மூடிவிடும். சிறு சக்கரம் போன்ற கைப்பிடி இருந்தால் அது கேட் வால்வு. வலஞ்சுழியாகப் பல சுற்றுகள் திருக வேண்டும். தொல்லை கொடுப்பது இந்த இரண்டாவதுதான். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்ட கேட் வால்வுக்குள் சுண்ணாம்புப் படிவமும் துருவும் ஏறி இறுகிக் கிடக்கும். அதைப் பைப் ரெஞ்சு போட்டு ஒரே மூச்சில் திருகினால் நடுத்தண்டு முறிந்துவிடும். அதன் பிறகு தண்ணீரை வீட்டுக்குள் நிறுத்த வழியே இராது. கொஞ்சம் மூடுகிற பக்கம், பிறகு கொஞ்சம் திறக்கிற பக்கம் என்று மாற்றி மாற்றி அசைத்துக்கொடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

இன்னொரு வகை ஏமாற்று உண்டு. ஒருமுறை நான் மூடிய கேட் வால்வு வழுக்கிக்கொண்டு சுகமாகச் சுற்றியது. பதினைந்து சுற்று, இருபது சுற்று என்று போய்க்கொண்டே இருந்தது, தண்ணீரோ நிற்கவில்லை. பின்னர் கழற்றிப் பார்த்தபோது, தண்டின் நுனியில் பிடித்திருக்க வேண்டிய பித்தளைத் தகடு அரித்து விழுந்து, உள்ளே தனியாகக் கிடந்தது. இப்படி முடிவில்லாமல் சுற்றும் வால்வு மூடாது என்று உடனே புரிந்துகொள்ளுங்கள். தெருக் குழாயில் நேரடி இணைப்பு என்றால் மீட்டருக்கு முன்னால் உள்ள வழங்குவோரின் வால்வை மூடுவதற்கு அவர்களை அழைக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டு, தொட்டிக்குள் இருக்கும் வெளியேறு துளையில் கெட்டியாகச் சுருட்டிய துணிப் பந்தை அழுத்தி வைத்தால், மேலுள்ள தண்ணீரின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். துணியின் ஒரு முனை வெளியே நீண்டிருக்கட்டும். அப்போதுதான் பிறகு இழுத்து எடுக்க முடியும். இருட்டிலும் மழையிலும் தொட்டி மேல் ஏறுவதைவிட, கீழே இருக்கும் டேப்புகளையெல்லாம் திறந்துவிட்டுத் தொட்டியைக் காலியாக்குவது மேல்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு: 10 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி கீழே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஒரு மாடி உயரத்தில், அதாவது 3 மீட்டரில், அது 0.3 பார்தான். எனவே தொட்டித் தண்ணீரில் ஏற்படும் சிறு ஓட்டையைத் தற்காலிகமாகக் கட்டி நிறுத்த முடியும். அழுத்த மோட்டாரோ நேரடித் தெருக் குழாயோ இதைப் போலப் பல மடங்கு அழுத்தம் தரக்கூடியவை என்பதால், அங்கே வால்வை மூடாமல் எந்தக் கட்டும் நிற்காது.

அறிகுறி: குழாயிலிருந்து பீறிடுகிறது

வால்வை மூடியதும் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். குழாய்க்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் வடியும்வரை ஒழுகும். வீட்டிலேயே தாழ்வான இடத்திலுள்ள டேப்பையும், உயரமான இடத்திலுள்ள டேப்பையும் திறந்துவிட்டால், மேலே காற்று புகுந்து கீழே தண்ணீர் விரைவாக வடியும். மின்சாரக் கீசர் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடேறினால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

பிறகு உடைப்பைப் பாருங்கள். நீளவாக்கில் கீறல் விட்டிருக்கிறதா, ஊசித் துளையா, இணைப்பு கழன்றிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அடுத்த வேலை. ஊசித் துளைக்கும் சிறு கீறலுக்கும் மிதிவண்டி டியூபை ஒரு சாண் நீளம் வெட்டி, இழுத்துப் பிடித்தபடி துளையின் இரு பக்கமும் இரண்டு விரற்கடை தாண்டிச் சுற்றி, அதன் மேல் இரண்டு ஹோஸ் கிளாம்புகளை முடுக்கினால் ஓரிரு நாள் தாங்கும். இரண்டு நிறக் களிமண் போல வரும் எபாக்சி புட்டியைப் பிசைந்து அப்புவதும் நல்ல வழிதான், ஆனால் குழாய் உலர்ந்து, தேய்த்துச் சொரசொரப்பாக்கப்பட்டிருக்க வேண்டும். ஈரத்தின் மேல் அப்பினால் மறுநாள் காலையில் தோலுரிந்து வந்துவிடும். பலரும் செய்யும் தவறு, வெடித்த குழாயின் வெளிப்புறத்தில் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவது. அது மரையின் இடுக்கை நிரப்புவதற்கான பொருள். கீறலுக்கு மேல் ஒரு சுருள் முழுவதையும் சுற்றினாலும் பயனில்லை.

பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டும் சால்வென்ட் சிமெண்ட், குழாயின் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வெந்நீர் செல்லும் சி.பி.வி.சி. குழாய்க்குச் சாதாரண பி.வி.சி. பசை ஒத்துவராது. பசை டப்பாவில் போட்டிருக்கும் உலரும் நேரம் முடியும்முன் தண்ணீரைத் திறக்கக் கூடாது. ஒட்டிய ஐந்தாவது நிமிடம் 'பிடித்துவிட்டது' என்று தோன்றும். அந்த நம்பிக்கையில் திறந்து, அதே இணைப்பை இரண்டாம் முறை வெட்டி ஒட்டியவர்கள் பலர்.

கம்பிப் பின்னல் போர்த்திய வளையும் இணைப்புக் குழாய்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வெடிப்பவை இவைதான். முனையிலிருக்கும் உலோகக் காப்பு வளையத்தருகே பழுப்பு நிறத் துருப் புள்ளிகள், பின்னலில் ஓரிரு இழை அறுந்து விரலில் குத்துவது, குழாய் ஓரிடத்தில் புடைத்திருப்பது ஆகியவற்றைக் கண்டால் அன்றே மாற்றிவிடுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் டேப்பை வேலை முடிந்ததும் மூடிவிடுகிற பழக்கம் இருந்தால், வெளியூர் போயிருக்கும்போது வீடு குளமாகாது.

அறிகுறி: டேப் கையோடு வந்துவிட்டது, அல்லது எவ்வளவு திருகினாலும் மூடவில்லை

திருகிக்கொண்டே இருந்தும் சொட்டுகிறது என்றால் வாஷரோ ஸ்பிண்டிலோ தேய்ந்திருக்கிறது. அது அவசரம் அல்ல. மேலும் பலமாக இறுக்கி அதை அவசரமாக்கிவிடாதீர்கள். டேப் சுவரோடு முறிந்துவிட்டது என்றால், வால்வை மூடிய பின், சுவருக்குள் நிற்கும் நிப்பிளின் மிச்சத்தைக் கவனமாகத் திருகி எடுத்து, அதே அளவுள்ள டம்மி பிளக்கில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றி அங்கே முடுக்கிவிடலாம். வீட்டில் அரை அங்குல டம்மி ஒன்றும், கொஞ்சம் டெஃப்லான் டேப்பும் இருந்தால் மற்ற அறைகளுக்கான தண்ணீரை உடனே திறந்துவிடலாம். டம்மி இல்லையென்றால், கூராகச் செதுக்கிய மர ஆப்பில் துணி சுற்றி அடித்து வைப்பதுண்டு. குறைந்த அழுத்தத் தொட்டித் தண்ணீருக்கு மட்டும் அது பொருந்தும், அதுவும் யாராவது அருகிலேயே இருந்தால்.

அறிகுறி: மேல்தளத்திலிருந்து சொட்டுகிறது

இங்குதான் எந்தப் பக்கத் தண்ணீர் என்ற கேள்வி முழுப் பயனையும் தரும். பகலிரவு ஒரே சீராகச் சொட்டினால் நல்ல தண்ணீர்க் குழாய். மாடியில் குளித்த பிறகோ துணி துவைத்த பிறகோ மட்டும் சொட்டிப் பிறகு அடங்கினால் கழிவுக் குழாய் அல்லது குளியலறைத் தரையின் நீர்த்தடுப்பு. மழை பெய்யும்போது மட்டும் என்றால் இது குழாய் வேலையே அல்ல, கூரை வேலை. சொட்டும் இடத்துக்கு நேர்மேலேதான் உடைப்பு இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். கான்கிரீட் தளத்துக்குள் பதித்த மின்கம்பிக் குழாய் வழியாகத் தண்ணீர் பல அடி ஓடி, மின்விசிறிக் கொக்கியிலோ விளக்கு முனையிலோ வெளிப்படுவது வழக்கம். அதனாலேயே, விளக்கைச் சுற்றிச் சொட்டுகிறது என்றால் சுவிட்சை அணைத்தால் போதாது. மின் பலகையில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யையே இறக்க வேண்டும்.

ஜிப்சம் பலகைப் பொய்க்கூரை பலூன் போலத் தொங்க ஆரம்பித்தால், அதன் மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறது. 10 சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் உயரம் நின்றால் அது 100 லிட்டர், அதாவது 100 கிலோ எடை. மின்சாரத்தை அணைத்து, அடியிலிருக்கும் பொருள்களையும் ஆட்களையும் அகற்றி, அகலமான வாளி வைத்து, சற்று ஓரமாக நின்றபடி நீளமான திருப்புளியால் புடைப்பின் அடிமுனையில் சிறு துளை இடுங்கள். தண்ணீர் அந்த வழியாக அடங்கி இறங்கும். துளை போட மனம் வராமல் விட்டால் பலகை மொத்தமும் விழுந்துவிடும். பலகை ஏற்கெனவே வெடித்து விரிந்து, நடுங்கிக்கொண்டிருந்தால் துளையும் வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அறிகுறி: கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் ஏறி வருகிறது

'இன்னொரு முறை ஃப்ளஷ் செய்தால் அடித்துக்கொண்டு போய்விடும்' என்ற எண்ணம்தான் பொங்கி வழிவதற்குக் காரணம். தண்ணீர் ஏறுவதைக் கண்டதும் ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கி, அடியிலுள்ள ரப்பர் மூடியைக் கையால் அழுத்துங்கள். தொட்டித் தண்ணீர் சுத்தமானது, அருவருக்கத் தேவையில்லை. பிறகு மிதவையைத் தூக்கிப் பிடித்தபடி ஆங்கிள் வால்வை மூடுங்கள்.

அடைப்பை நீக்க, அடியில் கழுத்துப் போன்ற நீட்சி உள்ள பிளஞ்சர் நன்றாக வேலை செய்யும். ரப்பர் கிண்ணம் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்றை அழுத்தினால் சத்தம்தான் வரும், அடைப்பு அசையாது. முதல் அழுத்தை மெதுவாகக் கொடுத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு பதினைந்து இருபது முறை சீராக இழுத்து இழுத்து அழுத்துங்கள். தள்ளுவதை விட இழுப்பதே அடைப்பைத் தளர்த்தும். கோப்பையில் தண்ணீர் 'களக்' என்று இறங்கினால் வேலை முடிந்தது. அப்போதும் ஃப்ளஷ் செய்யாமல் ஒரு வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள்.

முழுவதுமாக அடைத்து நிற்கும் தண்ணீரில் அடைப்பு நீக்கும் இரசாயனத்தைக் கொட்டாதீர்கள். அது அடைப்பைச் சேராமல் மேலேயே நிற்கும். பிறகு பிளஞ்சர் போடும்போது காரமோ அமிலமோ கண்ணில் தெறிக்கும். பணிக்கு வருபவரிடமும் அதைக் கொட்டியிருப்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிளீச்சிங் திரவத்தோடு அமிலம் கலந்த கழிப்பறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. மூக்கு எரிந்தால் கதவைத் திறந்துவிட்டு உடனே வெளியேறுங்கள்.

அறிகுறி: ஒன்றைத் திறந்தால் மற்றொன்றில் எதிர்த்து ஏறுகிறது

சமையலறைத் தொட்டியில் மட்டும் தண்ணீர் நின்றால் அடைப்பு அந்தத் தொட்டியின் டிராப்பில் (சாக்கடை நாற்றம் மேலேறாமல் தடுக்கக் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதி), அல்லது அதையொட்டிய குழாயில். வாளியை வைத்து பாட்டில் டிராப்பைக் கையால் திருகிக் கழற்றி, உள்ளே உறைந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுத்தால் சரியாகிவிடும். ஆனால் துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது கழிப்பறைக் கோப்பை குமிழிவிட்டால், மாடியில் குளிக்கும்போது கீழ்த்தளத் தரை வடிகாலில் நுரை ஏறினால், அடைப்பு எல்லாக் குழாய்களும் சேரும் பொதுக் குழாயில் இருக்கிறது. அந்தந்தத் தொட்டியோடு போராடுவது வீண். வீட்டிலுள்ள அனைவரிடமும் சொல்லி, தண்ணீர் புழங்குவதை அடியோடு நிறுத்துங்கள். மேலே ஊற்றும் ஒவ்வொரு குவளையும் கீழே எங்கோ தரையில் வந்து நிற்கப் போகிறது. மேல்தளங்களில் வேறு குடும்பங்கள் இருந்தால் முதலில் அவர்களுக்குச் செய்தி போக வேண்டும்.

வெளியே கழிவுக் குழாய்கள் வந்து சேரும் ஆய்வுத் தொட்டியின் மூடியைக் கம்பி கொண்டு நெம்பி, சற்று விலகி நின்று பாருங்கள். தொட்டி நிரம்பி நின்றால் அடைப்பு அதற்குப் பிறகு, தெருப் பக்கமோ செப்டிக் டேங்க் பக்கமோ இருக்கிறது. தொட்டி காலியாக இருந்தால் அடைப்பு அதற்கும் வீட்டுக்கும் இடையில். வேலைக்கு வருபவரை அழைக்கும்போது இந்த ஒரு தகவலைச் சொன்னால், அவர் எந்தக் கருவியோடு வர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அந்தத் தொட்டிக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ எக்காரணம் கொண்டும் யாரும் இறங்கக் கூடாது, இறங்கச் சொல்லவும் கூடாது. உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் கொண்டது. செறிவு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்கப் போனவரும் விழுவதும் இதனால்தான். இயந்திரம் கொண்டு வெளியிலிருந்தே அடைப்பெடுக்கும் ஆட்களை அழையுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். பின்னாலேயே குதிக்கக் கூடாது.

அறிகுறி: கீசரிலிருந்து சொட்டுகிறது, கொதிக்கிறது, அல்லது டேப்பில் மின்சாரம் தட்டுகிறது

மூன்றும் வெவ்வேறு. சூடேறும் நேரத்தில் மட்டும் அடியிலிருக்கும் பாதுகாப்பு வால்விலிருந்து துளித்துளியாகச் சொட்டினால் பயப்பட வேண்டாம். 25 டிகிரி செல்சியஸிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும் தண்ணீர் ஏறத்தாழ 1.7 சதவீதம் விரியும். 15 லிட்டர்க் கீசரில் அது கால் லிட்டர். அந்தக் கால் லிட்டர் எங்காவது போயாக வேண்டும், அதற்குத்தான் அந்த வால்வு. எரிச்சலில் அதன் வாயை அடைத்தால் வீட்டுக்குள் வெடிகுண்டு வைத்தது போலாகும். சூடேற்றாதபோதும் சொட்டினால் வால்வு பழுது, அல்லது உள்ளே வரும் அழுத்தம் அதிகம். உடலின் அடித்தகட்டிலிருந்தே துருநீர் கசிந்தால் உள்தொட்டி அரித்துவிட்டது. அதை ஒட்டுப்போட முடியாது.

வெந்நீர் டேப்பைத் திறந்ததும் ஆவி சீறுகிறது, கீசருக்குள் கடகடவென்று கொதிக்கும் ஒலி கேட்கிறது என்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் செயலிழந்திருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் சூடேறும். தொட்டி விரிசல் விட்ட கணத்தில் அது ஆவியாக மாறும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிவடையும். மின் பலகையில் அந்தச் சுற்றை இறக்குங்கள். எரிவாயுக் கீசர் என்றால் சிலிண்டர் அல்லது குழாய் வால்வை மூடுங்கள். கீசரையும், அதன் பாதுகாப்பு வால்வையும், வெந்நீர் டேப்புகளையும் தொடாமல் விலகிப் பல மணி நேரம் ஆறவிடுங்கள்.

ஈரக் கையோடு டேப்பைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்றாலும் அது கீசரின் கம்பிச்சுருள் உறை வெடித்ததற்கும் தரையிணைப்பு இல்லாததற்கும் அறிகுறி. குளிப்பதை நிறுத்தி, உலோகம் எதையும் தொடாமல் வெளியே வந்து மெயினை அணையுங்கள். இதை 'கொஞ்சம் தட்டும், பழகிவிட்டது' என்று சொல்லி நாள் கடத்தும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையிலுள்ள எந்த வெள்ளத்தைவிடவும் அது அவசரமானது.

அறிகுறி: எங்கும் ஒழுகவில்லை, ஆனாலும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது

தொட்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறது. டேப்புகள் மூடியிருந்தும் அழுத்த மோட்டார் தானாக ஓடி ஓடி நிற்கிறது. சுவரின் ஓரிடத்தில் வண்ணம் உப்பி வருகிறது. வெறுங்காலுக்குத் தரையின் ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னது தரைக்குள் வெந்நீர்க் குழாய் கசிவதற்கு நல்ல சாட்சி. இரவில் எல்லா டேப்புகளையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் முகத்திலிருக்கும் குட்டிச் சக்கரம் அசைந்துகொண்டிருந்தாலே கசிவு உறுதி. மீட்டர் இல்லையென்றால் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, மோட்டார் ஓடாமல் பார்த்துக்கொண்டு, காலையில் பாருங்கள். கசிவு நிமிடத்துக்கு 1 லிட்டர்தான் என்றாலும் ஒரு நாளில் அது 1,440 லிட்டர்.

அடுத்து ஃப்ளஷ் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். வெளியே தெரியாமல் தண்ணீரைக் குடிப்பது பெரும்பாலும் அதுதான். தொட்டியில் உணவில் சேர்க்கும் வண்ணத்தைச் சில துளி விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டால், கசிவு இருக்கும்போது கோப்பைக்குள் நிறம் இறங்கியிருப்பதைக் கண்ணால் காணலாம். அதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு வால்வாக மூடி, எதை மூடியதும் மீட்டர் நிற்கிறது என்று பார்த்து வட்டத்தைச் சுருக்குங்கள். பின்னிரவு அமைதியில் நீண்ட திருப்புளியின் நுனியை வெளியே தெரியும் குழாய்மீது ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னிருக்கும் எலும்பில் அழுத்திக் கேட்டால், கசிவு நெருங்க நெருங்க அந்த 'ஸ்ஸ்' ஒலி கூடுவது தெரியும். சுவரை உடைப்பதற்கு முன் இதற்காக ஒரு மணி நேரம் செலவழிப்பது வீணாகாது.

அறிகுறி: திடீரென்று தண்ணீர் வரவில்லை

வீடு முழுவதும் வரவில்லை என்றால் தொட்டி காலி, வால்வு மூடல், வழங்கல் நிறுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லையென்றால் உடனே அணையுங்கள். வறட்டு ஓட்டத்தில் அதன் சீல் கருகும். ஒரு டேப்பில் மட்டும் இல்லையென்றால் டேப்பின் நுனி வலையில் மண் அடைத்திருக்கும், அல்லது தொட்டி காலியாகி மீண்டும் நிரம்பிய பிறகு குழாயின் மேல் வளைவில் காற்று சிக்கியிருக்கும். மற்ற டேப்புகளை மூடி, அந்தக் குழாய்வழியில் மிகத் தாழ்வான டேப்பை முழுவதும் திறந்து வைத்தால், இருமி இருமிக் காற்று வெளியேறிவிடும்.

கடுங்குளிர் நிலவும் இடங்களில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்திருக்கலாம். உறையும் தண்ணீர் 9 சதவீதம் விரிவதால் குழாய் ஏற்கெனவே பிளந்திருக்கக்கூடும். உருகத் தொடங்கும்போதுதான் அது தெரியும். ஆகவே மெயின் வால்வை மூடி, டேப்பைத் திறந்து வைத்து, டேப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து முடி உலர்த்தியால் மெல்லச் சூடு காட்டுங்கள். நெருப்பைக் காட்ட வேண்டாம்.

அறிகுறி: நாற்றம்

நாட்கணக்கில் புழங்காத குளியலறையில் சாக்கடை நாற்றம் அடித்தால், டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போய்விடும். வீட்டில் சமையல் எரிவாயுவோ எரிவாயுக் கீசரோ இருந்தால் மட்டும் இந்தச் சோதனையை இரண்டாவதாக வையுங்கள். எரிவாயுவில் சேர்க்கும் மணப்பொருளும் அழுகிய நாற்றம்தான் தரும். சந்தேகம் இருந்தால் எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும், சன்னல்களைத் திறந்து, வால்வை மூடி, வெளியே போய் அங்கிருந்து அழையுங்கள். டேப்பில் வரும் நல்ல தண்ணீரிலேயே சாக்கடை நாற்றம் வந்தால் அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாமல் வழங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பழுது பார்த்த பின் தண்ணீரைத் திறப்பது

வால்வை ஒரேயடியாகத் திறந்தால், காலியான குழாய்க்குள் பாயும் தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு வந்து வளைவுகளில் மோதி, இப்போதுதான் ஒட்டிய இணைப்பை மறுபடி பிடுங்கிவிடும். மேலும் கீழும் ஒவ்வொரு டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வால்வைக் கால் பங்கு திறந்து, டேப்பில் காற்றின் செருமல் நின்று சீராகத் தண்ணீர் வரும்வரை காத்திருந்து, பிறகு முழுவதும் திறந்துவிடுங்கள். முதலில் கலங்கலாக வரும் தண்ணீரைக் குளிர்ந்த நீர் டேப்பிலேயே ஓடவிடுங்கள். தெளிந்த பிறகே கீசருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் விடுங்கள். கீசர் நிறைந்து வெந்நீர் டேப்பில் முழு வேகத்தில் தண்ணீர் வருவதைப் பார்த்த பின்பே அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். கேட் வால்வு என்றால் முழுவதும் திறந்த பின் கால் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள். அடுத்த முறை இறுகிக் கிடக்காது.

இணைப்பைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, செய்தித்தாளை ஒரு கீற்று கிழித்து அதைச் சுற்றிக் கட்டி வைப்பது என் வழக்கம். கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறையும், மறுநாள் காலையில் ஒருமுறையும் பாருங்கள். காகிதம் மொடமொடப்பாகவே இருந்தால் கழற்றிப் போட்டுவிடலாம்.